மூன்றாம் தரப்பு

பில்லியர்ட்ஸ் மேசைமேல்தான் வாக்கு எண்ண வேண்டுமாம்.
இந்தக் கிளப்பில் அவ்வளவு பெரிய மேசை வேறில்லை.
துணி பாழாகும் என்றேன்.
ஆணையர் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு
யார் நீங்கள் என்றார்.
இன்னாசி. மார்க்கர். இருபத்தாறு வருஷம்.
உறுப்பினரா?
இல்லை.
பழைய பெட்ஷீட் ஒன்றை விரிக்க உத்தரவானது.

ராயபுரத்திலிருந்து பாரிமுனைக்கு
ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்.
எங்கள் வழக்கு போய்த் திரும்ப
ஐந்து வருஷமாயிற்று.

பட்டியலில் நானூற்றுச் சொச்சம் பெயர்.
அறுபது பேர் திடீரென முளைத்தவர்கள் என்றது
ஐஸ் ஃபேக்டரி டி'குரூஸ் தரப்பு.
முப்பது பேர் செத்தவர்கள் என்றது
கிளியரிங் ஏஜென்ட் கோதண்டபாணி தரப்பு.
இரண்டும் உண்மை.
டாக்டர் நரோனா போன மாசி மாசம்
சந்தா கட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.
அதற்கு முந்தின மாசியில்
காசிமேட்டுக் கல்லறையில் அவரை இறக்கிய கயிற்றின்
ஒரு முனை என் கையில் இருந்தது.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
அவருடைய கோல் இன்னும்
பதினேழாம் பெட்டியில் பூட்டியபடி இருக்கிறது.

ஒன்பது மாசமாய்ச் சம்பளமில்லை.
காசோலையில் யார் கையெழுத்து என்பதே வழக்கு என்பதால்
வங்கி இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டது.
சமையற்கட்டு தெய்வானை இறால் உரிக்கப் போய்விட்டாள்.
நான் போகவில்லை.
கடற்காற்றில் மேசைத் துணி நமுத்துப் போகும்,
தினம் இஸ்திரி போட ஆள் வேண்டும்.
வீட்டில் இதைச் சொன்னால்
சிரிக்கக்கூட மாட்டேன் என்கிறாள்.

ஞாயிறு பூசை முடிந்து வரிசை நின்றது.
வாசலில் நாலு போலீஸ், ஒரு கேமரா,
செல்போன் போட ஒரு பிளாஸ்டிக் தட்டு.
வளாகத்துக்குள் பிரியாணி கூடாது என்று ஆணை.
எதிர்வீட்டு மாடியில் கூடும் என்று
இரு தரப்பும் தனித்தனியே கண்டுபிடித்து
ஒரே மாடிக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தன.

ராத்திரி எட்டரைக்கு எண்ணி முடித்தார்கள்.
நூற்று எழுபத்திரண்டு.
நூற்று எழுபத்திரண்டு.
செல்லாதது ஒன்று.
அதில் யாரோ எழுதியிருந்தார்கள்:
முதலில் கக்கூஸ் குழாயைச் சரிபண்ணுங்கடா.
எனக்கு மட்டும்
அது செல்லும் என்று பட்டது.

மூன்றாம் முறையும் எண்ணினார்கள்.
கரண்ட் போய் ஜெனரேட்டர் இருமியது.
வேர்வை துடைத்துக்கொண்டு ஆணையர் சொன்னார்:
விதிப்படி குலுக்கல்.
எந்தத் தரப்பையும் சேராத ஒருவர் எடுக்கட்டும்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.
ஒன்பது மாசமாய் இருவருமே
சம்பளம் தராத ஒருவன்
வேறு எங்கே கிடைப்பான்?

இரண்டு சீட்டையும் எல்லாருக்கும் காட்டி மடித்தார்.
போடப் பாத்திரம் தேடினார்.
மேசையின் மூலைப் பையைக் காட்டினேன்.
இருபத்தாறு வருஷமாய்
எவனெவனோ அடித்த பந்தை
நான் கைவிட்டு எடுத்த வலைப்பை.
கண்ணை மூடச் சொன்னார்கள். மூடினேன்.
கைக்குக் கண் எதற்கு.

எடுத்ததைப் பிரிக்காமலே
உறையிலிட்டு அரக்கு வைத்தார்.
நீதிமன்றம்தான் திறக்குமாம், ஆறு வாரம் கழித்து.
சாட்சி என்று என்னிடம் பேனா நீட்டினார்.
ஒன்பது மாசத்தில் இந்தக் கிளப்பில்
செல்லுபடியான ஒரே கையெழுத்து
என்னுடையது.
கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

எல்லாரும் போனபிறகு பெட்ஷீட்டை உருவினேன்.
ஒரு சொட்டு அரக்கு
பச்சைத் துணிவரை இறங்கி உறைந்திருந்தது.
நகத்தால் சுரண்டினேன். வரவில்லை.
இனி அந்த இடத்தில் பந்து
ஒரு நூல் விலகும்.

பையைத் துடைக்கக் கைவிட்டபோது
மற்ற சீட்டு.
கரண்ட் போன அமளியில் மறந்திருக்கிறார்கள்.

பிரித்தால் போதும்.
வெளியே கேட்டுக்கு அந்தப் பக்கம்
இரு தரப்பும் இன்னும் நின்று
சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தன.

நீலச் சாக்கட்டி ஒன்றை அதில் சுற்றி
டாக்டர் நரோனாவின் பெட்டிமேல் வைத்துவிட்டு
இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினேன்.